மெரூன் தொப்பி, பாம்பு சுற்றிய கோல்: 60 பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸின் வரலாற்றையும் சின்னங்களையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உங்களிடம் ஒரு பழைய ராணுவப் புகைப்படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவர் மெரூன் நிறத் தொப்பி போட்டிருக்கிறார். வலப்பக்கம் பாராசூட் சிறகு. இடது கையில் செஞ்சிலுவைப் பட்டை. தொப்பியில் குத்தியிருப்பது மட்டும் கத்தி இல்லை, பாம்பு சுற்றிய ஒரு கோல். இந்தப் படத்துக்கு ‘பாரா கமாண்டோ’ என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதுதான் வழக்கம். படத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு மருத்துவர், அல்லது நர்சிங் உதவியாளர், அல்லது ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். விமானத்திலிருந்து குதித்துப் போய், குதித்த இடத்திலேயே அறுவை சிகிச்சை செய்தவர்களின் பிரிவு அது.

இந்திய ராணுவத்தின் 50-வது பாராசூட் பிரிகேடில் சண்டை போடும் பட்டாலியன்கள் மட்டும் இல்லை. பீரங்கிக்கு 9, 17 பாராசூட் ஃபீல்ட் ரெஜிமென்ட்கள், பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் பாம்பே சாப்பர்ஸைச் சேர்ந்த 411-வது பாராசூட் ஃபீல்ட் கம்பெனி, தகவல் தொடர்புக்கு சிக்னல் கம்பெனி, உணவுக்கும் பொருளுக்கும் ஒரு கம்பெனி என்று துணைப் பிரிவுகள் வரிசையாக உண்டு. அத்தனை பேரும் குதிக்கத் தெரிந்தவர்கள். இவர்களில் வெளிநாட்டில் அதிகம் பேசப்பட்டதும் உள்ளூரில் அதிகம் அறியப்படாததும் 60 பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்தான். இந்தியத் துணைப் பிரிவு ஒன்றின் சின்னங்களைப் படிக்கப் பழக இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சின்னத்துக்குப் போவோம். பின்னணி தெரியாமல் பேட்ஜை மட்டும் பார்ப்பவர்கள் கடைசிவரை கத்தியையும் சிறகையும் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

படி 1: பிரிவின் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்பது வண்டி அல்ல, சில நூறு பேர் கொண்ட ஒரு மருத்துவப் பிரிவு. போர்முனையில் காயம்பட்டவர் முதலில் போவது தன் பட்டாலியன் மருத்துவரின் முதலுதவி நிலையத்துக்கு. அங்கே ரத்தத்தை நிறுத்துவார்கள், கட்டுப்போடுவார்கள். அடுத்த கட்டம் முன்னணிச் சிகிச்சை நிலையம். அங்கிருந்துதான் பின்னால் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்த நடுக்கட்டத்தை நடத்துவது ஃபீல்ட் ஆம்புலன்ஸ். யாருக்கு உடனே கத்தி வைக்க வேண்டும், யார் சில மணி நேரம் தாங்குவார், யாரை அப்படியே ஏற்றி அனுப்பலாம் என்று பிரிப்பது அவர்கள் பொறுப்பு.

சாதாரணப் படைக்கு ‘பின்னால்’ என்று ஓர் இடம் இருக்கும். ரோடு இருக்கும், வண்டி வரும். பாராசூட் படைக்கு அது கிடையாது. எதிரியின் எல்லைக்குள் குதித்துவிட்டால், தரைப்படை வந்து கைகோக்கும்வரை நாலாபக்கமும் எதிரிதான். வயிற்றில் குண்டு பாய்ந்தவரை எங்கேயும் அனுப்ப முடியாது. ஆகவே அறுவை சிகிச்சை நிபுணரும், மயக்கமருந்து கொடுப்பவரும், கருவிப் பெட்டிகளும் சேர்ந்தே குதிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தால்தான் ‘பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ்’ என்ற தனி வகையே உண்டானது.

படி 2: வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்தியாவில் பாராசூட் படை 1941 அக்டோபரில் தொடங்கியது. 50-வது இந்தியப் பாராசூட் பிரிகேடில் 151-வது பிரிட்டிஷ், 152-வது இந்திய, 153-வது கூர்க்கா என்று மூன்று பட்டாலியன்கள். 152-ன் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். முழுப்பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941-ல் அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர். இந்தியப் பாராசூட் படையின் முதல் வரியிலேயே ஒரு தமிழ் டாக்டரின் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது அவருக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இங்கே எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியர்களை எதிர்த்து நின்ற 50-வது பாராசூட் பிரிகேடோடு இருந்தது 80-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். 60-ம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்ததுதான், ஆனால் சாங்ஷாக் பெருமை 80-க்கு உரியது. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

தாய்ப் பிரிவையும் குறித்துக்கொள்ளுங்கள். 1943 ஏப்ரல் 3-ல் பழைய இந்திய மருத்துவப் பணி, மருத்துவத் துறை, மருத்துவமனைப் படை ஆகியவற்றிலிருந்து ராணுவத்தினரை ஒன்றாக்கி இந்திய ராணுவ மருத்துவப் படை உருவானது. 1950-ல் நாடு குடியரசானதும் அது ஆர்மி மெடிக்கல் கோர் ஆனது. 60-ன் ஆட்கள் எல்லோரும் அந்தக் கோரைச் சேர்ந்தவர்கள். பாராசூட் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள் அல்ல. சின்னங்களைப் பற்றிய பாதிக் குழப்பத்துக்கு விடை இதுதான், படி 6-ல் திரும்ப வருகிறேன்.

படி 3: கொரியாவில் நின்று நிதானமாகப் படியுங்கள்

இந்தப் பிரிவின் பெயர் நிற்பது கொரியாவால். 1950 ஜூனில் வட கொரியப் படை தெற்கே நுழைந்ததும் ஐ.நா. உறுப்பு நாடுகளிடம் உதவி கேட்டது. சண்டைக்குப் படை அனுப்ப நேரு சம்மதிக்கவில்லை. மருத்துவப் பிரிவை அனுப்ப ஒப்புக்கொண்டார். போனது 60 பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், தலைமை லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். ஏறக்குறைய 340 பேர். அவர்களில் நான்கு அறுவை சிகிச்சை நிபுணர்கள், இரண்டு மயக்கமருந்து நிபுணர்கள், ஒரு பல் மருத்துவர். 1950 நவம்பர் 20-ல் பூசானில் இறங்கினார்கள்.

இறங்கிய நேரம் சரியில்லை. சீனப்படை போரில் குதித்துவிட்டது. ஐ.நா. படை பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கையில் சொந்த வண்டிகள் இல்லை. கருவிகளையும் மருந்தையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று உத்தரவு. ரங்கராஜ் மறுத்தார். கருவி இல்லாத மருத்துவப் பிரிவால் யாருக்கு என்ன பயன்? ரயில் நிலையத்தில் கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடைத்தன. பாய்லருக்குத் தண்ணீர் வேண்டும், குழாய் இல்லை. ஆட்கள் வரிசையாக நின்று வாளிவாளியாகக் கைமாற்றி ஊற்றினார்கள். எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். சாமான் அத்தனையும் ஏறியது, வண்டி டேடாங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்தது. அதன் பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த ரயில் மட்டும் கிளம்பாமல் போயிருந்தால், வந்த சில வாரங்களிலேயே பிரிவு வெறும் கையோடு நின்றிருக்கும்.

பிறகு பிரிவு இரண்டானது. ஒரு பகுதி 27-வது காமன்வெல்த் பிரிகேடோடு போர்முனைக்குப் போனது. மற்றது டேகு நகரில் தங்கி அங்குள்ள மக்களுக்கும் ராணுவத்தினருக்கும் மருத்துவமனை நடத்தியது, கொரியப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. டேகு பகுதிக்குப் பொறுப்பு மேஜர் என்.பி. பானர்ஜி. குதித்தவர்கள் கதைக்கு இருக்கும் கவர்ச்சி டேகு வார்டுக்கு இல்லை. ஆனால் கொரியர்கள் இன்றும் நன்றியோடு பேசுவதில் பாதி டேகுவைப் பற்றித்தான்.

அடுத்து 1951 மார்ச் 23. ‘டாமஹாக்’ நடவடிக்கை. சியோலுக்கு வடமேற்கே முன்சான் பகுதியில் அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படையணி, மூவாயிரத்துக்கு மேற்பட்டோர், டேகுவிலிருந்து பறந்து வந்து பகல் வெளிச்சத்தில் குதித்தது. அவர்களோடு குதித்த இந்தியர்கள் 12 பேர். முன்னால் ரங்கராஜ். பத்தாண்டுக்கு முன் பயிற்சியில் குதித்த அதே மருத்துவர், இப்போது கர்னலாக, உண்மையான போரில் குதிக்கிறார். தரையில் விழுந்ததும் பாராசூட்டை அவிழ்த்துவிட்டு, கன்டெய்னர்களைத் தேடிப் பிரித்து, அறுவை சிகிச்சை நிலையம் போட்டார்கள். குதிக்கும்போதே கால் முறிந்தவர்கள் ஒரு பக்கம், குண்டடி பட்டவர்கள் ஒரு பக்கம். வேலை விடாமல் நடந்தது.

ஏப்ரலில் கப்யோங் சண்டை. ஆஸ்திரேலியரும் கனடியரும் சீனப்படையைத் தடுத்து நின்றபோது அவர்களின் காயத்தைப் பார்த்தது இந்தப் பிரிவு. 1951 ஜூலையில் காமன்வெல்த் படைகள் எல்லாம் சேர்ந்து 1-வது காமன்வெல்த் டிவிஷன் ஆயின. 60 அதோடு தொடர்ந்தது. அக்டோபரில் ‘கமாண்டோ’ நடவடிக்கை, அதிலும் காயம்பட்டோர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மெரூன் தொப்பியைப் பார்த்து ‘மெரூன் தேவதைகள்’ என்று ஒரு பெயர் விழுந்தது. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் வந்த பிறகும் உடனே கிளம்பவில்லை. கைதிகளைப் பராமரிக்கப் போன இந்தியக் காவல் படைக்கு மருத்துவ உதவியாக இருந்துவிட்டு 1954-ல்தான் ஊர் திரும்பினார்கள். மற்ற நாட்டுப் பிரிவுகள் முறைவைத்து மாறிக்கொண்டிருந்தபோது ஒரே பிரிவு மூன்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது.

விருதுக் கணக்கு: ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகா வீர் சக்ரா, ஆறு வீர் சக்ரா, ஒரு வீர் சக்ரா பார் (அதே விருது இரண்டாம் முறை), 25 பேருக்கு அறிக்கைச் சிறப்புக் குறிப்பு. போருக்குப் போகாத நாடு அனுப்பிய மருத்துவப் பிரிவுக்கு இத்தனை வீர விருது. 1955 மார்ச் 10-ல் ஆக்ராவில் நடந்த அணிவகுப்பில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பிரிவுக்கு ‘பிரசிடென்ட்ஸ் டிராஃபி’ வழங்கினார். தென் கொரிய அரசு 2020 ஜூலை மாதத்துக்கான போர் வீரராக ரங்கராஜைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது.

படி 4: அதற்குப் பின் நடந்ததை வேகமாகப் பார்த்துவிடலாம்

1971 டிசம்பர் 11, வங்கதேசத்தின் டாங்கைல். 2-வது பாரா பட்டாலியன் குழு பூங்லி பாலத்தைப் பிடிக்கக் குதித்தது. பீரங்கி, சாப்பர், மருத்துவம் என்று துணை ஆட்களும் அந்தக் குழுவில் சேர்த்திதான். 1988 நவம்பரில் மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பை முறியடிக்க ஆக்ராவிலிருந்து பறந்ததும் இதே பிரிகேட்.

அண்மைக் காலத்தில் பிரிவின் முகம் பேரிடர் உதவி. 2015-ல் நேபாள நிலநடுக்கம். 2023 பிப்ரவரி 6-ல் துருக்கியில் நிலம் அதிர்ந்ததும் ஆக்ராவிலிருந்து 99 பேர் கிளம்பிப்போய், ஹதாய் மாகாணத்தின் இஸ்கெண்டருனில் 30 படுக்கை மருத்துவமனை போட்டு, இரண்டு வாரத்துக்குள் சுமார் 3,600 பேரைப் பார்த்தார்கள். ஒரு துருக்கியப் பெண் இந்தியப் பெண் மருத்துவ அதிகாரியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்ட படம் அப்போது எங்கும் பரவியது, நினைவிருக்கலாம். அது இந்தப் பிரிவுதான். 2025 மார்ச்சில் மியான்மருக்கு சத்ருஜித் பிரிகேடிலிருந்து (50-வது பாராசூட் பிரிகேடின் இன்னொரு பெயர்) 118 பேர் கொண்ட மருத்துவக் குழு போனது. செய்திகளில் பெயர் இப்போது ‘60 பாரா ஃபீல்ட் ஹாஸ்பிடல்’ என்று வரும். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

சரி, இனி சின்னங்கள். ஒரு பாராசூட் துணைப் பிரிவின் சீருடையைத் தபால் முகவரி மாதிரி படிக்கலாம். ஒவ்வொரு வரியும் வேறொரு கேள்விக்குப் பதில்: தொப்பியின் நிறம் எந்தக் குடும்பம் என்று சொல்லும், தொப்பிச் சின்னம் எந்தக் கோர் என்று சொல்லும், சிறகு என்ன தகுதி என்று சொல்லும், தோள் சின்னம் எந்தப் பிரிகேட் என்று சொல்லும்.

படி 5: தொப்பியின் நிறம்

மெரூன் பெரே தொப்பி 1942-ல் பிரிட்டனின் வான்வழிப் படைக்கு வந்தது, மேஜர் ஜெனரல் பிரவுனிங் காலத்தில். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவியான நாவலாசிரியர் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆதாரம் கிடையாது. அங்கிருந்து இந்தியா உட்படப் பல நாட்டுப் பாராசூட் படைகளுக்கும் பரவியது. இந்தியாவில் மெரூன் தொப்பி என்றால் பாராசூட் படைக் குடும்பம் என்று மட்டும் பொருள். காலாட்படையா, பீரங்கியா, டாக்டரா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அடுத்த படி.

படி 6: தொப்பிச் சின்னம்

பாராசூட் ரெஜிமென்டின் சின்னம்: விரிந்த பாராசூட், இரண்டு பக்கமும் நீண்ட சிறகு, நடுவில் நிமிர்ந்த கத்தி, எல்லாம் வெள்ளி நிறம். அந்த ரெஜிமென்ட் இப்போதைய வடிவில் 1952 ஏப்ரல் 15-ல் உருவானது. அதற்கு முன் 1945-ல் ஒன்று உருவாகி மறு ஆண்டே கலைந்துபோனது.

மருத்துவப் பிரிவுக்காரர் அதைக் குத்துவதில்லை. தன் கோரின் சின்னத்தைத்தான் குத்துவார். ஆர்மி மெடிக்கல் கோரின் சின்னத்தில் இலைமாலைக்கு நடுவே பாம்பு சுற்றிய கோல், மேலே அசோகர் சிங்கம். கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்கிளிபியஸின் கோல் அது. ஒரே பாம்பு, சிறகு கிடையாது. இரண்டு பாம்பும் சிறகும் இருந்தால் அது ஹெர்மிஸின் கோல். அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு பயன்படுத்துவது. கொரியப் படங்களில் இரண்டு நாட்டு மருத்துவர்களும் அருகருகே நிற்பார்கள், காலர் சின்னத்தில் பாம்பை எண்ணினால் ஆளைப் பிரித்துவிடலாம். கோரின் வாசகம் ‘சர்வே சந்து நிராமயா’, எல்லோரும் நோயின்றி இருக்கட்டும்.

மெரூன் தொப்பியில் பாம்புக் கோல் என்ற அந்தச் சேர்க்கைதான் பாராசூட் மருத்துவப் பிரிவின் அடையாளம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணம்; ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஆள் யார் என்று தெரிகிறது.

படி 7: சிறகு

வெள்ளைப் பாராசூட், இரண்டு பக்கமும் வெளிர்நீலச் சிறகு. சீருடையின் வலப்பக்கத்தில்தான் தேட வேண்டும். சீருடை வகைக்கு ஏற்பச் சில படங்களில் தோளுக்குக் கீழே கைப்பகுதியில் இருக்கும், சிலவற்றில் மார்பில் பெயர்ப் பட்டைக்கு அருகே இருக்கும். ஆக்ராவில் உள்ள பாராட்ரூப்பர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்தால் இது கிடைக்கும், அதில் ஒன்று இரவுக் குதிப்பு. மால்புராவில் இருக்கும் இறங்குதளத்தில் விழுந்து எழுந்திருக்காத பாரா வீரர் அநேகமாக இல்லை.

சிறகு என்பது தகுதிச் சின்னம். குதித்தவர் சமையல்காரராக இருந்தாலும் சர்ஜனாக இருந்தாலும் அதே சிறகுதான், சர்ஜனுக்கு என்று சின்னதாக ஒன்று கிடையாது. வயதான மருத்துவ நிபுணர் ஒருவரின் படத்தில் சிறகைப் பார்த்தால் சந்தேகப்படாதீர்கள். நூறு குதிப்பு முடித்தவர்களுக்கு எனாமல் பூசிய சின்னச் சிறகு ஒன்று தனியாக உண்டு, அது இடது பாக்கெட்டில் இருக்கும்.

படி 8: தோள் சின்னம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இந்திய வான்வழிப் படையின் தோளில் மெரூன் சதுரம் ஒன்று இருந்தது. அதில் வெளிர்நீலத்தில் பறக்கும் குதிரை பெகாசஸ், முதுகில் ஈட்டியோடு கிரேக்க வீரன் பெல்லரபோன். பிரிட்டிஷ் வான்வழிப் படையின் சின்னம்தான் அது, ஓவியர் எட்வர்ட் சீகோ வரைந்தது. 44-வது இந்திய வான்வழி டிவிஷன் அதன் கீழே ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. கையில் கிடைத்த துணிச் சின்னத்தில் குதிரைக்குக் கீழே அந்தப் பெயர் இருந்தால், அது 1940-களின் நடுப்பகுதி என்று தைரியமாகச் சொல்லலாம்.

பின்னாளில் பிரிகேட் தன் பெயரைப் புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டது: சத்ருஜித். மார்க்கண்டேய புராணத்தில் வரும் அரசன் அவன். காலவ முனிவரின் வேள்வியை ஓர் அசுரன் கெடுத்துக்கொண்டே இருந்தான். குவலயம் என்ற தெய்வீகக் குதிரை முனிவருக்குக் கிடைத்தது; வானம், நீர், மலை, பாதாளம் எங்கும் களைக்காமல் போகக்கூடியது. அதை அவர் சத்ருஜித்தின் மகன் ரிதத்வஜனிடம் கொடுத்தார். இளவரசன் அதில் ஏறிப்போய் அசுரனை முடித்தான், குவலயாஸ்வன் என்று பெயரும் பெற்றான். பறக்கும் குதிரை ஏறி அரக்கனை வெல்லும் இளைஞன், கிரேக்கக் கதையிலும் அதே காட்சி. பழைய சின்னத்தைத் தூக்கியெறியாமல் அதற்கு இந்திய இணையைத் தேடிப் பிடித்த அந்த மூளைக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். கதாநாயகன் மகன், பெயர் மட்டும் அப்பாவுக்குப் போய்விட்டது, அது வேறு விஷயம்.

இந்தத் தோள் சின்னம் பிரிகேடில் உள்ள எல்லோருக்கும் பொது. 60-க்கு மட்டும் உரியது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

படி 9: கைப்பட்டை

இடது கையில் வெள்ளைப் பட்டை, அதில் செஞ்சிலுவை. இது படைச் சின்னமே இல்லை, சர்வதேசச் சட்டம் தரும் பாதுகாப்பு. 1949-ன் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தின் 40-வது பிரிவு பட்டை இடது கையில் இருக்க வேண்டும், நீர் புகாததாக இருக்க வேண்டும் என்று குறித்தே சொல்கிறது. இவர்களைச் சுடக் கூடாது. அதே நேரம் தன்னையும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ள மட்டும் இவர்கள் ஆயுதம் வைத்திருக்கலாம், அதற்கும் ஒப்பந்தத்தில் இடம் உண்டு. எனவே பட்டையும் இடுப்பில் பிஸ்டலுமாக ஒரு டாக்டரைப் பார்த்தால் முரண்பாடு ஒன்றும் இல்லை.

படி 10: பதக்க நாடா

கொரியாவுக்குப் போனவரா என்று பார்க்க இதுவே சுலபமான வழி. ஐ.நா. கொரியப் பதக்கத்தின் நாடாவில் நீலமும் வெள்ளையும் மாறிமாறி 17 மெல்லிய கோடுகள், ஓரங்கள் இரண்டும் நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட அந்த நெருக்கமான கோடுகள் தெரியும். மகா வீர் சக்ராவின் நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. கறுப்பு வெள்ளையில் இந்த இரண்டையும் பிரிப்பது சிரமம். ஒரு பாதி பளிச்சென்று வெளுத்திருந்தால் மகா வீர் சக்ரா என்று ஊகிக்கலாம்.

படி 11: படத்தின் காலத்தைக் கணியுங்கள்

முதலில் தோளைப் பாருங்கள். மேஜருக்கு பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால் 1950 ஜனவரி 26-க்கு முந்தைய படம். அசோகர் சிங்கம் இருந்தால் பிந்தையது. பொத்தானிலும் தொப்பிச் சின்னத்திலும் இதே மாற்றம் நடந்தது. கொரியாவுக்குப் போன பிரிவு குடியரசாகிப் பத்தே மாதமான நாட்டின் பிரிவு, அதனால் புதுச் சிங்கமும் பழைய காலத்துச் சட்டையும் ஒரே ஆளிடம் இருப்பது சகஜம்.

அடுத்து, கூட நிற்பவர்களைப் பாருங்கள். இது பலர் மறந்துவிடும் வழி. பக்கத்தில் இருக்கும் ஆஸ்திரேலியர் அல்லது பிரிட்டிஷ்காரரின் தோளில் கிரீடமும் ‘காமன்வெல்த்’ என்ற எழுத்தும் போட்ட வெளிர்நீலக் கேடயம் இருந்தால், படம் 1951 ஜூலைக்குப் பிறகு எடுத்தது. அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு இந்தியர் சிலர் மட்டும் நின்றால் 1951 மார்ச்சை ஒட்டியதா என்று தேடலாம். பனியும் ரயிலும் இருந்தால் உடனே பியாங்யாங் என்று முடிவு கட்டாதீர்கள். கொரியாவில் நான்கு குளிர்காலம் இருந்தவர்கள் இவர்கள்.

படி 12: பலிதான் பேட்ஜோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனியின் கீப்பிங் கையுறையில் இருந்த கத்திச் சின்னம் பெரிய விவாதமானது. ஐ.சி.சி. எடுக்கச் சொன்னது. அந்த வாரம் முழுக்கத் தமிழ்நாட்டில் டீக்கடைக்குக் கடை பாராசூட் ரெஜிமென்ட் பேச்சுதான். பலிதான் பேட்ஜ் கீழ்நோக்கிய கத்தி, அதிலிருந்து மேலே விரியும் சிறகுகள், குறுக்கே தேவநாகரியில் ‘பலிதான்’. சிவப்புச் செவ்வகத்தின் மேல் வெள்ளி நிறம். இது பாரா சிறப்புப் படையினருக்கு மட்டும் உரியது. ரெஜிமென்டின் தொப்பிச் சின்னத்தில் கத்தி மேலே பார்க்கும், பலிதானில் கீழே பார்க்கும்.

60-ல் பணிபுரிவதால் ஒருவருக்கு பலிதான் வந்துவிடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: சிறப்புப் படை பட்டாலியனுக்கு மருத்துவராகப் போய், அவர்களுடைய தகுதித் தேர்வையும் தாண்டியவர் அதை அணியலாம். ஆகவே பாம்புக் கோலும் பலிதானும் ஒரே சட்டையில் இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட வேண்டாம்.

போலி வேறு இடத்தில் இருக்கிறது. ஆன்லைனில் ‘ஒரிஜினல் பாரா பேட்ஜ்’ என்று விற்பவை பெரும்பாலும் அச்சில் வார்த்த புதுச்சரக்கு. கிரீடம் போட்ட மருத்துவச் சின்னத்தைச் சத்ருஜித் துணியோடு ஒரே சட்டகத்தில் வைத்து ‘கொரியா செட்’ என்று விற்பார்கள், காலம் ஒட்டாது. வாங்கிச் சேகரிப்பதில் சிக்கல் இல்லை. ராணுவத்தினர் என்று நம்பவைக்கும் நோக்கத்தில் அணிந்து திரிந்தால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 168.

படி 13: வீட்டில் யாராவது இருந்திருந்தால்

வட ஆற்காடு, வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. பழைய டிரங்குப் பெட்டியில் நீல வெள்ளை நாடா கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கிடைத்தால் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள், பெயரும் எண்ணும் பொறித்திருந்தால் வேலை பாதி முடிந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் சேவை எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு லக்னோவில் இருக்கும் ஆர்மி மெடிக்கல் கோர் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். பெங்களூரில் இருக்கும் பாராசூட் ரெஜிமென்ட் மையத்துக்கு எழுதினால் காரியம் நடக்காது, காரணம் படி 6-லேயே சொல்லிவிட்டேன். கடிதத்தில் உறவுமுறையையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.